யுரேனஸ் வளையத்தை முதலில் பார்த்தது நம்ம காவலூரா?

அகழிமீன் (வேலூர்) | 7 ஜனவரி 2026, இரவு 9.40

நேற்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தி போட்டார். ஜவ்வாது மலையில் இருக்கிற காவலூர் வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கியைத் திறந்து அன்றோடு 40 வருடம் ஆகிறது என்று ஆரம்பித்தது. அதுவரை சரி. அதற்குக் கீழே, யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருப்பதை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தது இந்தத் தொலைநோக்கிதான், அமெரிக்காக்காரன் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டான் என்று எழுதியிருந்தது. கூடவே அந்தப் பெரிய வெள்ளை மண்டபத்தின் படம், மூன்று கோபப் பொம்மை.

எனக்குப் பெருமையும் சந்தேகமும் சேர்ந்தே வருகிறது. என் பாட்டி வீடு ஆலங்காயம். சின்ன வயதில் லீவுக்குப் போனால் மாமா பஸ்ஸில் மலைக்குக் கூட்டிப் போவார். மரங்களுக்கு மேலே அந்த மண்டபம் எட்டிப் பார்க்கும். "அங்கே என்ன மாமா?" என்றால் "சனி கிரகத்தைப் பார்க்கிற இடம்" என்பார். அதற்கு மேல் யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 29 வயதில் கேட்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மக்கன்பேடா (ஆற்காடு) | 7 ஜனவரி, இரவு 10.05

தலைவா, நல்ல இழை. நான் விண்வெளிப் படம் ஒன்று விடாமல் பார்க்கிற ஆள். இன்டர்ஸ்டெல்லார் படத்துக் கருந்துளை எப்படி உருவானது, கிப் தார்ன் கொடுத்த சமன்பாடுகளை வைத்து எப்படி வரைந்தார்கள் என்று என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஆற்காட்டிலிருந்து கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேரக்கூடிய காவலூரைப் பற்றி எனக்கு ஒரு வரி தெரியாது. இதை எழுதும்போதே கஷ்டமாக இருக்கிறது. யாராவது ஆரம்பியுங்கள்.

சாய்நாதபுரம் டீச்சர் | 8 ஜனவரி, காலை 6.15

22 வருடமாக இயற்பியல் பாடம் எடுக்கிறேன். இந்தக் கதையை ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்புக்குச் சொல்வேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படம் தப்பு. சித்தப்பா அனுப்பிய படத்தில் இருப்பது 2.34 மீட்டர் தொலைநோக்கி. அதை 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். காவலூர் வானாய்வகத்தை ஆரம்பித்த வைணு பாப்புவின் பெயரையும் அன்றுதான் வைத்தார்கள். யுரேனஸ் விஷயம் நடந்தது 1977 மார்ச் 10. அப்போது அங்கே இருந்த பெரிய கருவி 1972-இல் வந்த 1 மீட்டர் கார்ல் ஸைஸ் தொலைநோக்கிதான்.

அன்றைக்கு என்ன நடந்தது? துலா ராசியில் ஒரு மங்கலான நட்சத்திரம். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. யுரேனஸ் அதன் முன்னால் கடந்து போகப் போகிறது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். நட்சத்திரம் மறைகிற விதத்தை வைத்துக் கிரகத்தின் அளவு, அதன் காற்று மண்டலம் இவற்றையெல்லாம் தெரிந்துகொள்ளலாம். இது எல்லா ஊரிலும் தெரியாது. இந்தியப் பெருங்கடலைச் சுற்றியிருக்கிற இடங்களுக்குத்தான் வாய்ப்பு. காவலூருக்கு அந்த வாய்ப்பு இருந்தது. அமெரிக்கக் குழு 91 செ.மீ. தொலைநோக்கி பொருத்திய விமானத்தில் பெருங்கடல் மேலேயே பறந்தது.

ராத்திரி பஸ்ஸில் பெங்களூர் ரோட்டில் போகும்போது கவனித்திருப்பீர்கள். தூரத்தில் ஒரு கிணற்று மேட்டு விளக்கு. நடுவில் தென்னந்தோப்பு. இருட்டில் மரம் ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் அந்த விளக்கு அணைந்து அணைந்து எரியும். எத்தனை தடவை அணைந்தது என்று எண்ணினால் எத்தனை மரம் என்று சொல்லிவிடலாம். யுரேனஸ் வளையத்தைக் கண்டுபிடித்ததும் இப்படித்தான். வளையத்தை அன்று யாரும் கண்ணால் பார்க்கவில்லை. நட்சத்திரம் அணைந்ததைப் பார்த்தார்கள்.

விமானத்தில் இருந்தவர்கள் கருவியை முன்கூட்டியே ஓடவிட்டார்கள். கிரகம் வருவதற்கு முன்பே நட்சத்திரம் ஐந்து தடவை மங்கியது. கிரகம் கடந்து போன பிறகு, அதே இடைவெளியில், தலைகீழ் வரிசையில், மறுபடி ஐந்து. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் அது வளையமாகத்தான் இருக்க முடியும்.

காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் நட்சத்திரத்தின் வெளிச்சம் சில விநாடிகள் சட்டென்று குறைந்தது. அதை அவர்கள் யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று கருதி, அப்படியே 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பிறகு அதே வருடம் பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் சேர்ந்து, சனிக்கு இருப்பது போன்ற வளைய அமைப்பு என்று அதே இதழில் எழுதினார்கள்.

ஆக, வளையம் என்று முதலில் அடையாளம் கண்டு சொன்னது விமானத்தில் இருந்த எலியட் குழு. காவலூர் அதே இரவில், தனியாக, சொந்தக் கருவியில் அதைப் பதிவு செய்தது. யாரும் யாருடைய பெயரையும் பறிக்கவில்லை. சித்தப்பாவுக்கு இதை அனுப்புங்கள்.

அகழிமீன் | 8 ஜனவரி, காலை 8.20

டீச்சர், பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். ஒரு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ஒரு கேள்வி. அவர்கள் நிலா என்று நினைத்தது தப்புதானே? அதைப் பெருமை என்று எப்படிச் சொல்வது? சித்தப்பா இதைத்தான் கேட்பார்.

சாய்நாதபுரம் டீச்சர் | 8 ஜனவரி, மாலை 5.50

தம்பி, வெளிச்சம் ஒரே ஒரு தடவை குறைந்த பதிவுதான் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வளையம் என்று சொன்னால்தான் அது கதை விடுவது. கிரகத்துக்குப் பக்கத்தில் எதுவோ ஒன்று நட்சத்திரத்தை மறைத்தது என்றால் யாரும் முதலில் துணைக்கோள் என்றுதான் நினைப்பார்கள். அதுவரை வளையம் உள்ள கிரகம் என்று மனிதனுக்குத் தெரிந்தது சனி ஒன்றுதான். சனியின் வளையமோ பட்டையாக, அகலமாக இருக்கும். யுரேனஸ் வளையங்கள் நூல் மாதிரி. அன்று கண்டுபிடித்தவற்றில் அகலமானதே 100 கி.மீ.க்குள்தான். யுரேனஸ் சூரியனிலிருந்து சராசரியாக 287 கோடி கி.மீ. தள்ளி இருக்கிறது. அந்த நூல் நட்சத்திரத்தைத் தொட்டுவிட்டுப் போன சில விநாடிகளை ஜவ்வாது மலையில் உட்கார்ந்து பிடித்திருக்கிறார்கள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார்கள், மற்ற இடத்துப் பதிவுகள் வந்ததும் தங்கள் கருத்தைத் திருத்தி, அதையும் ஊரறிய அச்சில் எழுதினார்கள். என் மாணவர்களுக்கு நான் சொல்லித்தர ஆசைப்படுவது இதைத்தான்.

ஆலங்காயம் சாமை | 8 ஜனவரி, இரவு 9.10

டீச்சர் சொன்ன காலத்தில் எங்க அப்பா அங்கே பால் ஊற்றினவர். எனக்கு அப்போது ஏழெட்டு வயது.

அதிகாலை மூன்றரைக்குக் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புவார். டார்ச் முனையில் சிவப்புக் கண்ணாடித்தாளை ரப்பர் போட்டு இறுக்கியிருப்பார். வெள்ளை வெளிச்சம் பட்டால் அங்கே வேலை பார்ப்பவர்களின் கண் கெட்டுவிடும், இருட்டுக்குப் பழகினது மறுபடி பழக அரை மணி ஆகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பாவுக்குப் படிப்பு கிடையாது. ஆனால் அந்தச் சிவப்புத்தாளை ஒருநாள்கூட மறந்ததில்லை. தீபாவளி மத்தாப்பு டப்பாவில் வரும் தாளை எங்களிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார்.

மழைக்காலத்தில் திரும்பி வந்து சொல்வார், "பாவம்டா, ராத்திரி முழுக்க மேகத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க" என்று. ஐப்பசி கார்த்திகையில் இங்கே வானம் திறக்காது. தை பிறந்தால்தான் அவர்களுக்கு அறுவடை. தையிலிருந்து சித்திரை வரைக்கும் நல்ல இருட்டு, நல்ல வானம்.

மக்கன்பேடா | 8 ஜனவரி, இரவு 9.30

அண்ணே, மத்தாப்பு டப்பாத் தாளைப் படித்ததும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

குடியாத்தம் தறி | 9 ஜனவரி, மதியம் 2.15

இணையத்தில் இன்னொரு செய்தி சுற்றுகிறது. காவலூர் பெரிய தொலைநோக்கியால் 40 கி.மீ. தூரத்தில் வைத்த 25 பைசாவைப் பிரித்துப் பார்க்க முடியும் என்று. நிஜமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு எனக்குப் பிடித்த வேலை, தறி ஓடும்போது மனசு அதில்தான் இருக்கும்.

வரைபடத்தில் அளந்தால் காவலூரிலிருந்து எங்கள் குடியாத்தம் நேர்கோட்டில் ஏறத்தாழ 40 கி.மீ. எனவே காசை எங்கள் பஸ் ஸ்டாண்டிலேயே வைப்போம். 25 பைசாவின் விட்டம் 19 மில்லிமீட்டர். அது அங்கிருந்து பார்த்தால் 0.1 வில்விநாடி அளவுக்குத் தெரியும். ஒரு பாகையை 3,600 துண்டாக்கினால் ஒரு வில்விநாடி. அதில் பத்தில் ஒரு பங்கு.

இப்போது தொலைநோக்கி. அதன் ஆடி, அதாவது உள்ளே இருக்கிற கண்ணாடி, எவ்வளவு அகலமோ அவ்வளவு நுணுக்கம். 2.34 மீட்டர் ஆடிக்கு, பச்சை வெளிச்சத்தில், எல்லை 0.06 வில்விநாடி. ஆகவே காகிதத்தில் கணக்கு சரியாக வருகிறது. காசு ஒரு புள்ளியாக இல்லாமல் காசாகத் தெரிய வேண்டும்.

ஆனால் நடுவில் காற்று இருக்கிறது. நட்சத்திரம் கண் சிமிட்டுகிறது என்கிறோமே, சிமிட்டுவது காற்றுதான். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து அலைவதால் எவ்வளவு பெரிய ஆடி வைத்தாலும் படம் ஒரு வில்விநாடி அளவுக்குக் கலங்கிவிடும். 40 கி.மீ.யில் ஒரு வில்விநாடி என்பது கிட்டத்தட்ட 20 செ.மீ. ஆக, காசு தெரியாது, டிபன் தட்டு தெரியலாம். அதுவும் நடுவில் மலை மறைக்காமல் இருந்தால்.

காசே 2011-இல் செல்லாமல் போய்விட்டது. இனி அந்தச் செய்தியைத் தட்டு என்று மாற்றிப் போட வேண்டியதுதான்.

சாய்நாதபுரம் டீச்சர் | 9 ஜனவரி, மாலை 6.30

கணக்கு முழுக்கச் சரி! இதை நான் வகுப்பில் பயன்படுத்திக்கொள்ளலாமா? ஒரே ஒரு சேர்க்கை. பெரிய ஆடியின் முக்கிய வேலை நுணுக்கம் மட்டுமில்லை, வெளிச்சத்தைச் சேர்ப்பது. மழையில் சொம்பு வைப்பதற்கும் அண்டா வைப்பதற்கும் உள்ள வித்தியாசம். மங்கலான பொருளிலிருந்து வரும் கொஞ்சம் வெளிச்சத்தைச் சேர்த்தால்தான் அதை நிறம் நிறமாகப் பிரித்து, அங்கே என்ன தனிமம் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று சொல்ல முடியும்.

குடியாத்தம் தறி | 9 ஜனவரி, இரவு 7.00

தாராளமாக டீச்சர். பஸ் ஸ்டாண்டு பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள்.

ஆம்பூர் நைட் ஷிப்ட் | 10 ஜனவரி, அதிகாலை 4.50

ஷூ கம்பெனியில் ராத்திரி வேலை. டீ இடைவேளையில் மாடிக்குப் போய் வானம் பார்ப்பது என் பழக்கம். போன வருடம் ஒருநாள் விடியற்காலையில் வரிசையாக விளக்குகள். ரயில் பெட்டி மாதிரி, ஒன்றன் பின் ஒன்றாக, சத்தமே இல்லாமல் போனது. கூட இருந்த பையன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். இன்னொருவன் வேற்றுக்கிரகவாசி என்று வீடியோ எடுத்தான். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. பிறகுதான் தெரிந்தது, ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள், ஏவின புதிதில் அப்படித்தான் வரிசை கட்டிப் போகும் என்று.

இன்னொன்றையும் இங்கே கேட்க வேண்டும். 2016 பிப்ரவரி 6, நாட்றம்பள்ளி பக்கம் ஒரு கல்லூரி வளாகத்தில் வெடித்ததே, அது விண்கல்தானா? எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் விண்கல் விழுந்த ஊர் என்றுதான் சொல்கிறார்கள்.

சாய்நாதபுரம் டீச்சர் | 10 ஜனவரி, காலை 9.00

அதில் ஒரு பஸ் ஓட்டுநர் உயிரிழந்தார். அதனால் அதை வெறும் புதிர் மாதிரி பேச எனக்கு மனம் வராது. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

மாநில அரசு விண்கல் என்று அறிவித்து நிவாரணம் கொடுத்தது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்பு மாதிரிதான் தெரிகிறது என்றார்கள். இயற்பியல் என்ன சொல்கிறது என்றால், கையில் பிடிக்கிற அளவுள்ள விண்கல் பூமிக் காற்றில் நுழையும்போதுதான் எரியும். தரையிலிருந்து 15, 20 கி.மீ. உயரத்திலேயே அதன் அசுர வேகம் அடங்கிவிடும். அதற்கப்புறம் மாடியிலிருந்து போட்ட கல் மாதிரி சாதாரணமாகத்தான் விழும். கூரையைப் பொத்துக்கொண்டு வரலாம், மண்டையை உடைக்கலாம். ஆனால் வெடித்துச் சுற்றிலும் கண்ணாடிகளை நொறுக்காது. அப்படி நொறுக்குகிற அளவுக்குப் பெரிதாக வந்தால் ஒரு ஊர் இல்லை, பல மாவட்டங்கள் அதைப் பார்த்திருக்கும். 2013-இல் ரஷ்யாவில் செல்யாபின்ஸ்க் மேலே வந்தது அப்படித்தான், எத்தனையோ கார் கேமராக்களில் பதிவாகியிருக்கிறது.

ஆம்பூர் நைட் ஷிப்ட் | 10 ஜனவரி, காலை 9.20

புரிந்தது டீச்சர். தூங்கப் போகிறேன். நன்றி.

பாலாற்றுமணல் (வாணியம்பாடி) | 11 ஜனவரி, இரவு 8.40

எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவன். யாரும் தொடாத விஷயம் ஒன்று இருக்கிறது. வெளிச்சம்.

பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் மலை ஏறி நின்று கீழே பார்த்தால் நெடுஞ்சாலை ஒரு மஞ்சள் கயிறு மாதிரி தெரியும். சோடியம் விளக்கு. இப்போது எல்லாம் எல்.இ.டி. மின்சாரம் மிச்சம், நல்லதுதான், நானே ஆயிரக்கணக்கில் மாட்டியிருக்கிறேன். ஆனால் நம் ஜனங்களுக்குப் பளிச்சென்று நீலம் கலந்த வெள்ளைதான் வேண்டும். கடையில் கேட்பதே 6500 கெல்வின். நீல வெளிச்சம்தான் காற்றில் அதிகம் சிதறும், பகலில் வானம் நீலமாகத் தெரிவதற்கும் அதுதான் காரணம். அதனால் வானம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி ஆகிவிடுகிறது.

இதில் மாற்றுவதற்கு லட்சக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. மூன்றே வேலை. 3000 கெல்வின் மஞ்சள் கலந்த விளக்கு போடுவது. விளக்கைச் சாய்க்காமல், முகம் தரையைப் பார்க்கிற மாதிரி மாட்டுவது. சாய்த்து மாட்டினால் பாதி வெளிச்சம் எதிர்வீட்டு மாடிக்கும் வானத்துக்கும்தான் போகிறது, நாம் கட்டுகிற கரண்ட் பில்லில் பாதி காக்காய்க்கு வெளிச்சம் காட்டுகிறது. மூன்றாவது, கல்யாண மண்டபம், ஷெட், கட்டிட வாசல் இங்கெல்லாம் ராத்திரி 11 மணிக்கு மேல் தானாக அணைகிற டைமர். போன மாதம் ஆலங்காயம் ரோட்டில் ஒரு மண்டபத்துக்கு இப்படி மாட்டினேன். முதலாளி முதலில் முகம் சுளித்தார். வாசலில் நிழல் விழாமல் இன்னும் நன்றாகத் தெரிகிறது என்று இப்போது அவரே மற்றவர்களிடம் சொல்கிறார்.

ஆலங்காயம் சாமை | 11 ஜனவரி, இரவு 9.15

தம்பி, அந்த மண்டபம் எங்கள் தெருவுக்கு நேர் எதிரே. வித்தியாசம் எனக்கே தெரிகிறது. உங்கள் கைக்கு ஒரு படி தேன் கடன்.

மக்கன்பேடா | 12 ஜனவரி, இரவு 10.20

இரண்டு நாளாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். உங்களுக்குத் தெரியுமா, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றுகிற ஒரு குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயர். எண் 4130. 1988 பிப்ரவரி 17 அன்று ராஜமோகன் காவலூரில் கண்டுபிடித்தார். அந்தத் தேடலுக்கு அவர்கள் வைத்த பெயர் 'கல்கி'. இந்தியாவிலிருந்து ஒரு குறுங்கோள் கிடைத்து அதற்கு முன் நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடைசியாகக் கண்டுபிடித்தவர் மெட்ராஸ் வானாய்வகத்தில் இருந்த போக்சன், 1885-இல். நுங்கம்பாக்கத்தில் இருந்த அந்த மெட்ராஸ் வானாய்வகம்தான் கொடைக்கானலுக்குப் போய், அங்கிருந்து கிளை விட்டுக் காவலூருக்கு வந்திருக்கிறது.

பட்டாச்சார்யா பெயரிலும் ஒரு குறுங்கோள் இருக்கிறது. எண் 8348. அதுவும் காவலூரில் கிடைத்ததுதான். 1977-இல் நட்சத்திர வெளிச்சம் குறைந்ததைப் பார்த்த அதே ஆள். படத்தில் இப்படி ஒரு காட்சி வைத்தால் நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

வைணு பாப்புதான் மனசில் நிற்கிறார். 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு காட்டுக்குள் ஆரம்பித்தவர். பெரிய தொலைநோக்கியை உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று நின்றவர். அது திறப்பதற்கு மூன்றரை வருடம் முன்பு, 1982 ஆகஸ்டில் இறந்துவிட்டார். 55 வயது. அதன் வழியாக அவர் ஒரு நட்சத்திரம்கூடப் பார்க்கவில்லை.

அகழிமீன் | 12 ஜனவரி, இரவு 10.45

முடிவு செய்துவிட்டேன். பொங்கலுக்குப் பாட்டி வீட்டுக்குப் போகிறேன், கூடவே இரண்டு வாரம் லீவு. நண்பன் ஒருவனிடம் 6 அங்குல நியூட்டன் வகைத் தொலைநோக்கி இருக்கிறது, தருகிறேன் என்றான். மொட்டை மாடியில் வைத்து யுரேனஸைப் பார்க்க முடியுமா டீச்சர்?

ஒரே சிக்கல் பாட்டி. 79 வயது. சனியைக் காட்டுகிறேன் என்று போனில் சொன்னேன். "வேண்டாம்பா, சனீஸ்வரனை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. கோயில்லயே ஒதுங்கி நின்னுதான் கும்பிடுவேன்" என்று சொல்லிவிட்டார். வற்புறுத்தவும் மனமில்லை.

சாய்நாதபுரம் டீச்சர் | 13 ஜனவரி, காலை 6.00

தாராளமாகப் பார்க்கலாம். ஜனவரி 24, சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸை நெருங்கிக் கடந்த நாள் 1986 ஜனவரி 24. காவலூர் தொலைநோக்கியைத் திறந்து 18 நாள் கழித்து! அன்றைக்குச் சரியாக 40 வருடம்.

இரவு ஏழே முக்கால் வாக்கில் தலைக்கு நேர் மேலே கார்த்திகைக் கூட்டம் இருக்கும். அதற்குக் கொஞ்சம் தெற்கே யுரேனஸ். 1977-இல் துலாத்தில் இருந்தது, நிதானமாக நடந்து இப்போது ரிஷபத்துக்கு வந்திருக்கிறது. சூரியனை ஒருமுறை சுற்ற அதற்கு 84 வருடம். ஸ்டெல்லேரியம் செயலியைப் போனில் இறக்கிக்கொண்டால் இடம் பிடிப்பது சுலபம். மற்ற நட்சத்திரம் எல்லாம் ஊசிமுனை மாதிரி இருக்கும், இது மட்டும் வெளிறிய நீலப்பச்சையில் சின்ன வட்டமாக இருக்கும். வளையம் தெரியாது, அதை எதிர்பார்க்க வேண்டாம். அந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி உங்கள் கண்ணுக்கு வர இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வேலூரிலிருந்து பஸ் ஏறினால் சென்னையை எட்டிவிடுகிற நேரம்.

பத்து மணிக்கு மேல் தெற்கே தாழ்வாகப் பாருங்கள். பெரிதாக ஒன்று மின்னும். அதுதான் அகத்திய நட்சத்திரம். லண்டன்காரர்களால் அதைப் பார்க்கவே முடியாது. காவலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 12.5 பாகையிலேயே இருப்பதால் தெற்கு வானமும் கிடைக்கிறது.

சனி மேற்கே இருக்கும். போன வருடம் மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியது, அதனால் இப்போதும் மெல்லிய கோடாகத்தான் இருக்கும். பாட்டியை வற்புறுத்தாதீர்கள். அவர்களாக வந்தால் வரட்டும்.

ஆலங்காயம் சாமை | 13 ஜனவரி, காலை 7.30

அன்றைக்கு நானும் வருகிறேன் தம்பி. பாட்டி வீடு எந்தத் தெரு?

அகழிமீன் | 25 ஜனவரி, காலை 7.10

நேற்று ராத்திரி நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

வானம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. பாதிக்குக் கொஞ்சம் குறைவான நிலா. சாமை அண்ணன் ஏழு மணிக்கே வந்துவிட்டார், டார்ச்சில் சிவப்புத்தாள் கட்டியிருந்தார். அவர் மகன் இரண்டு பெஞ்சைத் தூக்கி வந்தான். எதிர் மண்டப வாசல் விளக்கு தரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. பாலாற்றுமணல் அண்ணே, உங்களை அப்போது நினைத்தேன்.

யுரேனஸைப் பிடிக்க எனக்கு 40 நிமிடம் ஆனது. தலைக்கு நேர் மேலே என்றால் குழாய் செங்குத்தாக நிற்கிறது, தேடுகருவியில் கண் வைக்கவே கழுத்தை ஒடிக்க வேண்டியிருந்தது. மூன்று தடவை தப்பான நட்சத்திரத்தைப் பிடித்து யுரேனஸ் என்று கத்தினேன். நாலாவது தடவை சந்தேகமே வரவில்லை. மங்கலான நீலம். உருண்டை. நான் ஒன்றும் பேசவில்லை, அண்ணனைப் பார்க்கச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை. "இதைத்தான் எங்க அப்பா பால் ஊத்தினவங்க பார்த்தாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பாட்டி கீழே திண்ணையில்தான் இருந்தார். எங்கள் சத்தம் கேட்டு மெல்ல மேலே வந்தார். எங்கள் வீட்டு மாடிப்படி செங்குத்து, கைப்பிடி கிடையாது. அண்ணனின் மகன் கையைப் பிடித்து ஏற்றினான். முதலில் நிலாவைக் காட்டினேன். "அம்மாடி, அம்மைத் தழும்பு" என்றார். யுரேனஸ் பார்த்தார், பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். நான் சனிப் பக்கம் குழாயைத் திருப்பி அண்ணனுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.

பாட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார். "ஏன்டா, குழாய் அந்தப் பக்கம் பார்க்குது, நீ ஏன் இந்தப் பக்கம் பார்த்து நிக்கிற?"

நியூட்டன் வகையில் கண் வைக்கிற இடம் குழாயின் பக்கவாட்டில் இருக்கிறது. உள்ளே பெரிய ஆடியில் பட்ட வெளிச்சம் சின்ன ஆடியில் பட்டுப் பக்கவாட்டில் திரும்பி வருகிறது. டார்ச்சை அடித்து உள்ளே இருக்கிற இரண்டு கண்ணாடியையும் காட்டினேன். "நாம பார்க்கிறது நேரா இல்ல பாட்டி. ஒதுங்கி நின்னுதான் பார்க்கிறோம். கண்ணாடியில்தான் தெரியுது" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சனிக்குத் தோள்பக்கத்தைக் காட்டியபடி நின்று குனிந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஊசியில கோத்த மணி" என்றார்.

நானும் மறுபடி பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. ஒரு வெளிர்மஞ்சள் மணி, அதன் குறுக்கே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு ஒரு கோடு. நான் எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன், எனக்கு இந்த வார்த்தை வரவில்லை.

படத்தில் தட்டு மாதிரி அகலமாக இருக்குமே, அது எங்கே என்று கேட்டார். 2032-இல்தான் நன்றாக விரிந்து தெரியும் என்றேன். விரலை மடக்கி எண்ணினார். "எனக்கு 85 ஆகும். படிக்குக் கைப்பிடி போட்டு வை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பாலாற்றுமணல் அண்ணே, உங்களுக்குத் தெரிந்த வெல்டிங் ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். 14 படி, இடது பக்கம் சுவர், வலது பக்கம் திறப்பு.

பாலாற்றுமணல் | 25 ஜனவரி, காலை 8.05

என் மச்சானே வெல்டிங் பட்டறைதான் வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைதானே, பத்து மணிக்கு டேப்போடு வந்து அளவெடுக்கிறோம். ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப் போடலாம், வயசானவர்கள் கைக்கு அதுதான் பிடிமானம். பாட்டியின் உயரம் மட்டும் சொல்லுங்கள்.